அபாத்திரன்

1983 நவம்பர் 6, ஞாயிறு

காலை ஆராதனை முடிந்ததும் போதகர் டி ரோய் அறிவித்தார்: சபையை நடத்தும் மூப்பர் தேர்தலுக்கான பெயர்கள் அடுத்த ஞாயிறு வாசிக்கப்படும். இரண்டு இடம், நான்கு பெயர். மறுபடியுமா? 1971-ல் என் பெயர் வந்தது, மறுத்தேன். 1977-ல் வந்தது, மறுத்தேன். இரண்டு முறையும் ஒரே காரணம்தான்: நான் அபாத்திரன், தகுதியற்றவன்.

இந்த ஊரில் அந்தச் சொல்லை உதட்டளவில் சொல்கிறவர்கள் பலர். சொன்னபடி நடந்தவன் நான். ரொட்டியும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்து மேஜைக்கும் நான் போனதில்லை. வருடத்துக்கு நான்கு முறை வெள்ளை விரிப்பு விரித்து மேஜை போடுகிறார்கள். அறுநூறு பேரில் முப்பது பேர் எழுந்து போவார்கள். மற்ற நாங்கள் எல்லாரும் தகுதியற்றவர்கள் என்று நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். என் நடுக்கம் சபையில் எல்லாருக்கும் தெரியும்.

நவம்பர் 8, செவ்வாய்

என் தோட்டத்துப் பேரிக்காய்க் கிடங்கில் குளிர் குறைந்திருந்தது, சரிசெய்தேன். பிறகு மறுப்புக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பெயர் வாசித்த பிறகு அவசரமாக எழுதினால் நன்றாக வராது. மூன்று முறை திருத்தினேன். "புழுதியிலும் கீழான என்னை என் மூலையிலேயே விட்டுவிடுங்கள்" என்று முடித்தேன். வாசித்தபோது எனக்கே கண் கலங்கியது.

நேலி எட்டிப் பார்த்தாள்.

"யாருக்குங்க லெட்டர்?"

"சபைக்கு. மறுப்பு."

"பேரே இன்னும் வரலையே."

உருளைக்கிழங்கு உரிக்கப் போய்விட்டாள். இருபத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியும் ஆவிக்குரிய காரியம் அவளுக்குப் புரிவதில்லை.

நவம்பர் 13, ஞாயிறு

நான்கு பெயர்கள் வாசித்தார்கள். என் பெயர் இல்லை.

வௌட்டர் பெயர் இருக்கிறது. பன்றி வியாபாரி வௌட்டர்.

நவம்பர் 14, திங்கள்

ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். ஒரு சுமை இறங்கியது.

இறங்கியதா? கவாத்து செய்யும்போது நன்றாகக் காய்க்கிற கிளை ஒன்றை வெட்டிவிட்டேன். இப்படி நான் செய்ததே இல்லை. வெட்டிய கிளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

சங்கீதம் பாடும்போது எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடுகிறவன் அந்த வௌட்டர். கோட்டில் எப்போதும் தொழுவ வாடை. மூப்பர்கள் வருடத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வந்து ஆத்துமாவின் நிலையை விசாரிப்பார்கள். இனி என் ஆத்துமாவை அவன் விசாரிக்கப் போகிறானா?

நவம்பர் 16, புதன்

போதகர் வீட்டுக்கு ஒரு பெட்டி பேரிக்காய் கொண்டுபோனேன். போதகர் முப்பத்து மூன்று வயதுப் பிள்ளை, மரியாதை தெரிந்தவர். காப்பி கொடுத்தார். பேச்சோடு பேச்சாக, இந்தத் தடவை பட்டியல் கொஞ்சம் வித்தியாசமாக இருந்ததே என்றேன். புரிந்துகொண்டார்.

"மரினுஸ் ஐயா, தகுதி இல்லன்னு ரெண்டு தடவ நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க. பழைய பேப்பரெல்லாம் எடுத்து மூப்பருங்க வாசிச்சாங்க. நம்பிட்டாங்க."

குத்திக்காட்டவில்லை. சாதாரணமாகச் சொன்னார். அதைத்தான் தாங்க முடியவில்லை. பேரிக்காய் ரொம்ப இனிப்பு என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

நவம்பர் 17, வியாழன்

நம்பிட்டாங்களாம்.

நம்பாமல் என்ன செய்வார்கள்? உண்மையைத்தானே எழுதினேன்? அப்புறம் ஏன் இந்த எரிச்சல்? அவர்கள் 'இல்லை, உம்மைவிட்டால் யார்' என்று கெஞ்ச வேண்டும், நான் இன்னும் தாழ்ந்து மறுக்க வேண்டும் — இதைத்தான் எதிர்பார்த்தேனா? இந்த வரியை அடித்துவிடலாமா என்று பேனாவை வைத்தேன். இருக்கட்டும். யார் படிக்கப் போகிறார்கள்?

நவம்பர் 20, ஞாயிறு

வௌட்டர் ஜெயித்துவிட்டான்.

பிரசங்கம் பெருமையைப் பற்றி. தூதனாக இருந்தவனைப் பிசாசாக்கியது குடியோ காமமோ அல்ல, பெருமை என்றார் போதகர். மற்றப் பாவம் ஜெபம் செய்தால் ஓடும், இது ஜெபிக்கிற முழங்காலுக்கு அடியிலேயே முளைக்கும் என்றார். வௌட்டருக்கு நன்றாக உறைக்கட்டும் என்று திரும்பிப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நவம்பர் 22, செவ்வாய்

வௌட்டர் வந்துபோனான்.

வீட்டுக்கு முன்னால் அணைமேல் போகும் சாலையில் அவன் வண்டி நின்றபோதே எனக்குக் கொதித்தது. பதவியேற்குமுன்னே விசாரணையா? உள்ளே வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான்.

"அண்ணே, எனக்கு இது ஆகாதுண்ணே. சாவு வீட்டுல ஜெபம் பண்ணச் சொன்னா எனக்கு வாய் வராது. வேண்டாம்னு எழுதணும். உங்களுக்குத்தான் அது அழகா வரும்னு ஊரே சொல்லுது. ரெண்டு வரி எழுதிக் குடுங்க."

எழுத வேண்டியதே இல்லையே. மேஜை இழுப்பறையைத் திறந்தேன். என் மறுப்புக் கடிதத்தில் பெயர் இருந்த கடைசித் தாளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். உதவி என்றுதான் கொடுத்தேன்.

நேலி காப்பிக் குவளைகளைக் கழுவிக்கொண்டே, "அவரு விலகிட்டா அடுத்து யாருங்க?" என்று கேட்டாள்.

நவம்பர் 24, வியாழன்

டெலிபோன் இரண்டு தடவை அடித்தது. ஒன்று உர வியாபாரி. இன்னொன்று தவறான எண். நான் ஏன் ஓடி ஓடி எடுக்கிறேன்?

பாவி. பாவி. — இதையும் எவ்வளவு நன்றாக எழுதுகிறேன் பார்.

நவம்பர் 25, வெள்ளி

வௌட்டர் தாள்களைத் திருப்பிக் கொண்டுவந்தான். நான்காக மடித்து, மேல் தாளில் கட்டைவிரல் கறை.

"மூணு தடவ வாசிச்சேண்ணே. மனசு உருகிப்போச்சு. ஆனா இது எனக்குச் சேராது."

"ஏன்?"

"இதுல இருக்கிறவரு எவ்வளவு பெரிய பாவி. நான் அவ்வளவு பெரிய ஆளு இல்லண்ணே. பன்னிக்கு எடை போடறப்ப கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும். பொண்டாட்டிகிட்ட கத்துவேன். அவ்வளவுதான் நான். சின்னப் பாவி. இதுல கையெழுத்துப் போட்டா பொய்யாயிரும்."

விளையாட்டுக்குச் சொல்கிறானா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. மெய்யாகவே என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

மூப்பர் பொறுப்பை ஏற்கப் போகிறானாம். "மறுக்கத் தெரியல. அப்ப செஞ்சுதான் பாக்கணும்" என்றான். போகும்போது தனக்காக ஜெபிக்கச் சொன்னான். சரி என்றேன். இன்னும் ஜெபிக்கவில்லை. முழங்காலில் நிற்கவே பயமாக இருக்கிறது.

நவம்பர் 27, ஞாயிறு

அடுத்த ஞாயிறு திருவிருந்து. இன்று ஆயத்தப் பிரசங்கம். வீட்டுக்கு வந்து சூப் ஊற்றும்போது நேலி சொன்னாள்.

"வர்ற ஞாயித்துக்கிழமை நான் மேஜைக்குப் போறேங்க."

கரண்டியைக் கீழே வைத்தேன். உன் ஆத்துமா என்ன ஆகும் என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "ஊரு என்ன சொல்லும்?" என்றுதான் வந்தது.

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"இருபத்தாறு வருஷமா உக்காந்திருக்கேன். நான் தகுதியா தகுதியில்லையான்னு யோசிச்சதே கிடையாது. மரினுஸே போகலையே, அவர் பொண்டாட்டி எப்படிப் போறதுன்னு உக்காந்தேன். வரிசையில பாதிப் பேர் அப்படித்தான் உக்காந்திருக்காங்க, உங்களுக்குத் தெரியுமா? எனக்குப் பசிக்குதுங்க."

சூப் ஆறிப்போனது. அவளைப் பந்தியிலிருந்து இருபத்தாறு வருடம் தள்ளி வைத்தவன் நான். பிசாசு வரவில்லை, நான்தான். அதைத் தாழ்மை என்று சொல்லிக்கொண்டேன். கர்த்தாவே, இதை எப்படி எழுதுவது — அழகாக வராமல்?

நவம்பர் 30, புதன்

நேலி கறுப்பு உடுப்பை இஸ்திரி போட்டாள். நான் கடிதத்தை அடுப்பில் போட்டேன். போடும்போது அவள் பார்க்கிறாளா என்று பார்த்தேன்.

டிசம்பர் 3, சனி

போனால், மரினுஸ் கடைசியில் உடைந்துவிட்டான் பார் என்று ஊர் பேசும். எனக்கு அது பிடிக்கும். போகாவிட்டால், பெண்டாட்டி போயும் அசையவில்லையே, எப்பேர்ப்பட்ட பயபக்தி என்று பேசும். அதுவும் எனக்குப் பிடிக்கும். வெளியே போக எந்தப் பக்கமும் வாசல் இல்லை.

டிசம்பர் 4, ஞாயிறு

காலையில் சட்டைப் பொத்தான் போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். நேற்று எழுதியதை நேலியிடம் அப்படியே சொன்னேன். தொப்பியில் ஊசி குத்திக்கொண்டே கேட்டாள்.

"போனாலும் பெருமை, போகாட்டியும் பெருமை. அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அப்ப கோட்டைப் போடுங்க. நேரமாச்சு."

முப்பது பேரும் எழுந்தபோது அவளும் எழுந்தாள். அவளுக்கு வழிவிட நான் எழுந்து நடைவழிக்கு வந்தேன். திரும்ப உட்காரவில்லை. அவள் பின்னாலேயே போனேன். முழங்கால் ஆடியது. இந்தத் தடவை நடுக்கம் எனக்குப் பிடிக்கவில்லை.

மேஜையில் எனக்கு இடப்பக்கம் வௌட்டர் உட்கார்ந்திருந்தான். தொழுவ வாடை. தட்டை என் பக்கம் நகர்த்தினான். ரொட்டி கொஞ்சம் காய்ந்திருந்தது. எங்களுக்குப் பின்னால் இன்னும் நாலைந்து பேர் வரும் காலடி கேட்டது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. பார்க்கிறார்களா என்று நான்தான் பார்த்தேன். அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, குடித்துவிட்டு, கோப்பையை நேலியிடம் கொடுத்தேன்.