சந்தியில் கொட்டிய குளிசைகள்

இன்று காலை என் வீட்டுக்குக் கிட்ட, நீர்வேலிச் சந்தியில் டயர் எரித்திருந்தார்கள். எதற்கான ஹர்த்தால் என்பதுகூட எனக்குச் சரியாகத் தெரியாது. வாழைக்குலை ஏற்றிய லொறிகள் வீதியோரம் நின்றன. பஸ்ஸை மறித்து எங்களை இறக்கிவிட்டார்கள். கறுத்த புகை காற்றோடு திரும்பி என் முகத்தில் அடித்தது. அதற்குமேல் என்னால் நடக்க முடியவில்லை. ஒரு மதிலைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, வெயில் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று கேட்டாள். ஓம் என்றேன். எரியும் ரப்பர் மணம் எனக்கு நேசனின் ஓட்டோ எரிந்த மணம் என்றும், அந்தப் புகைக்குள் நீர் தலை பிளந்து கிடந்தீர் என்றும் முன்பின் தெரியாத ஒருத்தியிடம் எப்படிச் சொல்வது?

வீட்டுக்குத் திரும்பி வந்து உமக்கு இதை எழுதுகிறேன்.

உம்மை நான் முதலில் கண்டதே ஒரு சண்டையில்தான். தென்மராட்சியில் நீர் மருந்தாளராக இருந்த ஆஸ்பத்திரிக்கு, மருத்துவபீடத்து ஆய்வுக் கடிதத்தோடு வந்து நின்றேன். கிளினிக்கில் எழுதப்படும் மருந்துத் துண்டுகளையெல்லாம் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று அந்தக் கடிதம் சொன்னது. நீர் கம்பி யன்னலுக்குப் பின்னால் நின்றபடியே வாசித்தீர். வாசித்துவிட்டு, "எங்களைப் பிழை பிடிக்கவோ வந்தனீர்?" என்று கேட்டீர். எனக்கும் கோபம் வந்தது. ஒரு துண்டு ஒரு ஆளின் வருத்தத்தைத்தான் சொல்லும், ஆயிரக்கணக்கில் சேர்த்துப் பார்த்தால் ஒரு பிரதேசமே எந்த மருந்தை எப்படிப் பாவிக்கிறது என்று தெரியும், பேரை எடுத்துவிட்டு வயது, ஊர், மருந்து, அளவு மட்டும்தான் பதிவேன் என்று படபடவென்று சொன்னேன். நீர் கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்தீர். பிறகு கதவைத் திறந்து, "அப்ப ஊரின்ரை நாடியைப் பிடிக்கப் போறீர். வாரும்," என்றீர்.

அந்தக் கதவு திறந்த பிறகு நாங்கள் இரண்டு பெண்களும் ஒரே மேசையில் இருந்தோம். உம்முடைய வாய் பொல்லாதது. டொக்டர்மாரின் எழுத்தைத் திட்டுவீர், என் கணினியைத் திட்டுவீர், மருந்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து நிற்கும் கிழவர்களைத் திட்டுவீர். திட்டித் திட்டியே அவர்களின் கொப்பியை வாங்கி, எந்தக் குளிசையை எப்போது போடுவது என்று பென்சிலால் சூரியனும் நிலவும் கீறிக் கொடுப்பீர்.

உம்முடைய தம்பியைப் பற்றி ஒரு மத்தியானம் சொன்னீர். நரம்புவலிக்குக் கொடுக்கும் குளிசையைப் பெடியங்கள் கள்ளமாக வாங்கி, கை நிறையப் போட்டு வெறிக்கிறார்கள் என்பது எனக்குச் செய்தி. உமக்கு அது வீட்டுக் கதை. தம்பி ஒருநாள் வெறியில் தாயைச் சுவரோடு தள்ளி, அவவின் தாடை முறிந்தது. நீர் மண்வெட்டிப் பிடியை எடுத்து அவனை முற்றம் முழுக்கத் துரத்தி அடித்திருக்கிறீர். விழுந்த பிறகும் அடித்ததாகச் சொன்னீர். சொல்லும்போது உம்முடைய குரலில் ஒரு நடுக்கமும் இல்லை.

"உந்தக் குளிசையை விக்கிறவங்களைச் சந்தியிலை கட்டிவைச்சு அடிக்கோணும். பொலிஸ், கோடு, வழக்கு ஒண்டும் சரிவராது," என்றீர்.

எங்கள் கணக்கில் அந்தக் குளிசைதான் மேலெழுந்து வந்தது. மற்றப் பிரதேசங்களைவிட உங்களுடைய கிளினிக்கில் அது மிகக் கூட. கள்ளத் துண்டுகள்தான் என்று நீர் அடித்துச் சொன்னீர். வயதுப்படி பிரித்துப் பார்த்தோம். இளம் பெடியங்களைக் காணவில்லை. நாற்பது தாண்டிய பெண்கள், ஐம்பது தாண்டிய ஆண்கள், அதுவும் குறிப்பிட்ட சில ஊர்களிலிருந்து. உமக்கு நம்பிக்கை வரவில்லை. கிழடுகளின் பேரில் பெடியங்கள் எடுக்கிறாங்கள் என்றீர். அந்த ஊர்களுக்குப் போய்ப் பார்ப்போம் என்றேன். ஆளைத் தேடிப் போவதற்குத் தனி அனுமதி எடுத்துக்கொண்டு, உம்முடைய ஸ்கூட்டியில் போனோம்.

நேசனின் தாயின் வீடு நாங்கள் போன முதல் வீடுகளில் ஒன்று. கடைசிச் சண்டையில் வந்த செல்லின் சிதறல் அவவின் முள்ளந்தண்டோடு ஒட்டிக் கிடந்தது. எடுத்தால் கால் போய்விடும் என்று விட்டிருந்தார்கள். வலி எப்படி இருக்கும் என்று நீர் கேட்டீர். "காலுக்குள்ளை ஆரோ நெருப்புக் கம்பி இழுக்கிறமாதிரி பிள்ளை. குளிசை போட்டால் அந்த ஆள் கொஞ்சம் களைச்சுப் போவான்," என்றா. அதே ஒழுங்கையில் இன்னும் ஏழெட்டு வீடுகள், எல்லாம் அதே கதை. கிளினிக்குக்கு வர முடியாத அவர்கள் எல்லோருக்கும் நேசன்தான் தன்னுடைய ஓட்டோவில் கொப்பிகளைக் கொண்டுவந்து மாத மருந்தை எடுத்துப் போனான். முப்பது வயது, வாய் ஓயாத ஆள். அவனை உமக்குத் தெரியும். கியூவில் அவன் கொண்டுவரும் கொப்பிக் கட்டைப் பார்த்து எத்தனையோ தரம் சந்தேகப்பட்டுத் திட்டியிருக்கிறீர். அன்று அவன் ஊற்றித் தந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அந்தக் கொப்பிக் கட்டை வாங்கி ஒவ்வொன்றிலும் சூரியனும் நிலவும் கீறிக் கொடுத்தீர்.

யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டத்தில் அந்தக் கணக்கை வைத்தோம். வலி யாருக்கு, ஏன் என்பதெல்லாம் சொன்னோம். யாரோ ஒருவர் நாங்கள் திரையில் காட்டிய முதல் படத்தை மட்டும் ஃபோனில் பிடித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் தென்மராட்சி போதைக் குளிசையில் மூழ்குகிறது என்று கொட்டை எழுத்தில் வந்தது. நேசனின் ஊரின் பேரும் போட்டிருந்தார்கள். நீர் பத்திரிகை அலுவலகத்துக்குக் கோல் எடுத்து, எனக்குக்கூடத் தெரியாத சொற்களால் ஏசினீர். திருத்தம் போடுவதாகச் சொன்னார்கள். போடவில்லை.

அடுத்த கிழமை கிளினிக் முடிந்து நாங்கள் அந்த ஊருக்குப் போனபோது, சந்தியில் சனம் கூடி நின்றது. விபத்தாக்கும் என்று நினைத்தேன். நீர்தான் முதலில் கண்டீர். நேசனை மாடு கட்டும் கயிற்றால் லைற் போஸ்ற்றோடு வரிந்து கட்டியிருந்தார்கள். ஒரு கண் வெடித்து வழிந்திருந்தது. முன்பற்கள் இல்லை. கொட்டன் தடிகளாலும் சைக்கிள் சங்கிலியாலும் முறை வைத்து அடித்தார்கள். ஒருவன் ஃபோனில் படம் பிடித்தான். அவன் கொண்டுவந்த மருந்துப் பை கிழிந்து குளிசைகள் தார் வீதியில் கொட்டிக் கிடந்தன. அடிக்கிறவர்களின் செருப்புக்குக் கீழே அவை நெரிந்தன. கிளினிக் கொப்பிகள் வாய்க்காலுக்குள் கிடந்தன. அடிக்கிறவர்கள் ரவுடிகள் இல்லை. தோட்டக்காரர், கடைக்காரர், ஒரு வாத்தியார். பத்திரிகையை வாசித்து, அவனைக் குளிசை விற்கிறவன் என்று நினைத்த சனம்.

நீர் ஸ்கூட்டியை அப்படியே விழ விட்டுவிட்டு ஓடினீர். "கொப்பியளைப் பொறுக்கும், நனைஞ்சிடும்," என்று என்னிடம் கத்தினீர். நீர் என்னிடம் சொன்ன கடைசிச் சொல் அதுதான்.

நேசனுக்கு முன்னால் போய் நின்று, "உந்தக் குளிசை நான் குடுத்தனான். என்ரை கையாலை எண்ணிக் குடுத்தனான். அடிக்கிறதெண்டால் என்னையும் கட்டுங்கோ," என்றீர்.

கை ஓங்கியவர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். நான் நீட்டிய கொப்பிகளை ஒவ்வொன்றாக வாங்கி, மட்டையில் இருந்த பேரைச் சத்தமாக வாசித்தீர். ஒழுங்கையில் இருந்தவர்களின் பேர்கள். ஒரு பேரை வாசித்துவிட்டு, கொட்டனோடு நின்ற ஒருவனை நேரே பார்த்து, இது உம்முடைய மாமியார் இல்லையோ என்று கேட்டீர். அவன் கொட்டனை மெல்ல நிலத்தில் வைத்தான். இரண்டு பேர் பின்னுக்குப் போனார்கள். முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அந்த நேரம் பின்னால் நின்ற யாரோ ஓட்டோவுக்கு நெருப்பு வைத்துவிட்டார்கள். புகை சந்தியை மூடியது. அதற்குள்ளிருந்து முனை கூரான இரும்பு அலவாங்கோடு ஒருவர் வந்தார். மகனைக் குளிசைக்குப் பறிகொடுத்த தகப்பன் என்று பிறகுதான் அறிந்தேன். அவருக்கு நீர் வாசித்த பேர்கள் ஒன்றும் கேட்கவில்லை. நேசனைக் குறி வைத்து ஓங்கினார். நான் அலவாங்கைப் பிடிக்கப் போனேன். அது என் தோளில் இறங்கி எலும்பு நொருங்கிய சத்தம் எனக்கே கேட்டது. இரண்டாம் முறை ஓங்கியபோது நீர் நேசனைக் கட்டிப்பிடித்து மூடிக்கொண்டு நின்றீர். அது உம்முடைய தலையில் இறங்கியது.

அதற்குப் பிறகு ஒருவரும் அடிக்கவில்லை. அந்த மனிதர் அலவாங்கைப் போட்டுவிட்டு வீதியில் குந்திக்கொண்டு, "நான் அந்தப் பிள்ளையைப் பாக்கேல்லை, நான் பாக்கேல்லை," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் ஒரு கைதான் வேலை செய்தது. அந்தக் கையால் உம்முடைய தலையைப் பொத்திப் பிடித்தேன். விரல்களுக்கிடையால் சூடாக வழிந்துகொண்டே இருந்தது. நேசன் கட்டப்பட்டபடியே அழுதான். அவனை அவிழ்த்துவிட வேண்டும் என்று அம்புலன்ஸ் வரும்வரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

நீர் கண் திறக்கவே இல்லை. அந்தக் கிழமை முடிவதற்குள் போய்விட்டீர்.

செத்தவீட்டுக்குத் தோளில் கட்டோடு வந்தேன். உமக்குக் கொள்ளி வைத்தது தம்பிதான். மறுவாழ்வு நிலையத்திலிருந்து கூட்டிவந்திருந்தார்கள். மெலிந்து, மொட்டையடித்து, கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். சுடலைக்குப் புறப்பட முன் என்னிடம் வந்து, "அக்கா அடிச்சுத்தான் என்னைத் திருத்தினவ எண்டு சனம் கதைக்குது. அடிச்சதாலை நான் திருந்தேல்லை. விடிஞ்சாப்போலை என்னைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவ. அதுதான் ஒருத்தருக்கும் தெரியாது," என்றான். எனக்கும் தெரியாது. அந்தப் பாதியை நீர் எனக்குச் சொல்லவே இல்லை. பெண்கள் படலையோடு நின்றுவிட்டோம். தம்பி நெருப்புச் சட்டியோடு உமக்கு முன்னால் நடந்து போனான்.

வழக்கு இன்னும் சாவகச்சேரியில் நடக்கிறது. பையில் இருந்தது போதைக் குளிசை என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நான் சாட்சிக் கூட்டில் ஏறி, நீதவான் கேட்டபடி ஒவ்வொரு கொப்பிக்கும் உரிய துண்டைக் காட்டி, எந்தக் குளிசை எந்த உடம்புக்குப் போக இருந்தது என்று சொன்னேன். வெளியே வந்தபோது அந்த மனிதரின் மனைவி என்னை மறித்து, தன்னுடைய மனுசன் கெட்டவர் இல்லை என்றா. தெரியும் என்றேன். உண்மையாகவே தெரியும். அதே கணத்தில் அவவின் தலைமயிரைப் பிடித்து நீதிமன்ற மதிலோடு மோத வேண்டும் போல் என் நல்ல கை துடித்தது. சேலைத் தலைப்பைக் கசக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன். உமக்கு மட்டும்தான் இதைச் சொல்லலாம்.

நேசனுக்கு ஒரு கண் போய்விட்டது. ஓட்டோ ஓட்டுவதில்லை. நீர் போன பிறகு அந்தக் குளிசையைக் கிழமைக்குக் கிழமை, நோயாளி நேரில் வந்தால்தான் கொடுக்கலாம் என்று மேலிடத்தில் உத்தரவு போட்டார்கள். குளிசைப் பாவனை சரசரவென்று விழுந்தது. ஒரு கூட்டத்தில் வரைபடக் கோடு கீழே இறங்குவதைத் திரையில் காட்டிக் கைதட்டினார்கள். நான் எழும்பினேன். நேசனின் தாய் துணியை வாய்க்குள் அடைத்துக்கொண்டு கத்துவதைப் பக்கத்து வீடு கேட்கிறது, இறங்கியது போதை இல்லை, அவவுக்குக் கிடைத்த மருந்து என்றேன். கையைத் தூக்கித் திரையைக் காட்ட முயன்றேன், தோள் விடவில்லை. ஊர்ப்படியும் வயதுப்படியும் பிரித்த கணக்கை, உம்முடைய பேரை முதலில் போட்டு, மேசையில் வைத்தேன். மாதக் கணக்கில் வாதாடிய பிறகு, பழைய காயக்காரருக்கு மட்டும் மாத மருந்து திரும்பக் கிடைத்தது. இப்போது அந்த ஒழுங்கையின் கொப்பிகளைக் கொண்டுவருகிறவன், சந்தியில் கொட்டனைக் கீழே வைத்த அந்த மருமகன். யன்னலுக்கு முன்னால் நிற்பான், வாங்குவான், போவான். ஒருவரோடும் கதைக்கமாட்டான்.

இந்த வருடம் வலிகாமத்தையும் சேர்த்துக் கணக்கெடுக்கிறோம். என்னோடு வேலை செய்யும் புது வைத்தியர் போன கிழமை ஒரு வரியைக் காட்டினா. நீர்வேலி, பெண், நாற்பத்தைந்து வயது. அதே குளிசை, ஒரு மாதமும் விடாமல், அளவு கூடிக்கொண்டே போகிறது. "இது விக்கிற ஆளாத்தான் இருக்கும், பொலிசுக்குச் சொல்லுவமோ?" என்று கேட்டா.

முறிந்த எலும்போடு நசுங்கிய நரம்பு சுகப்படாது என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள். மழைக்காலத்தில் விரல்நுனிவரை எரியும். அந்த எரிவு வரும்போதெல்லாம் உம்முடைய குரலில் அந்தப் பேர்கள் வரிசையாகக் கேட்கும். அதுவும் என்னோடுதான் இருக்கிறது.

முதலில் ஆளைப் போய்ப் பார்ப்போம் என்று அவவிடம் சொன்னேன். விலாசம் தருகிறேன், அடுத்த கிழமை ஒரு பின்னேரம் வாரும் என்றேன். என்னுடைய வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.