யான் கடற்கரையில் நீ வாசித்த பெரட்டு

என் அண்ணனுக்கு,

பாசமுள்ள அண்ணனுக்கு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை. பாசம் இல்லாமல் இல்லை, ஆனால் அதற்கு மேல் கோபம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அது இறங்குகிறபோது முதல் வார்த்தையை மாற்றிக்கொள்கிறேன். இப்போதைக்கு உன் தங்கை பாக்கியம் உன்னோடு சண்டை போட வந்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்.

நீ போய்ப் பதினான்கு நாள் ஆகிறது. குருண் பக்கத்தில் இவ்வளவு பெரிய ரப்பர் தோட்டம், அதற்குப் பேர் பதிந்து கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவன் நீ. உன்னைத் தூக்க நாலு பேர்தான் வந்தார்கள். தோள் மாற்ற ஐந்தாவது ஆள் இல்லாமல் வழியில் இரண்டு தடவை இறக்கி வைத்தார்களாம். நான் வரவில்லை. காலில் புண் வைத்து, காய்ச்சலில் நீ கிடந்தபோது அண்ணி மூன்று முறை ஆள் அனுப்பினாள். அப்போதும் வரவில்லை. வாசல் வரைக்கும் ஒரு நாள் வந்துவிட்டு, உன் இருமல் சத்தத்தைக் கேட்டுத் திரும்பினேன்.

ஏன் என்று லயத்து வீடுகளில் யாரும் என்னைக் கேட்கவில்லை. புருஷனைச் சயாம் லோரியில் ஏற்றிவிட்ட அண்ணன் வீட்டுக்கு எந்தத் தங்கை போவாள்? எல்லோரும் என் பக்கம். உன் வீட்டில் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் ஒரு வருடம் இருந்தார்கள். அந்த ஒரு வருடமும் நான் வாயைத் திறக்கவில்லை. நீயும் திறக்கவில்லை. அதற்காகத்தான் இந்தச் சண்டை.

இங்கே நிலைமை கேட்கிறாயா? காலையில் மரவள்ளிக்கிழங்கு, மாலையில் அதே கிழங்கு. சாக்கைத் தைத்துத்தான் உடுத்தியிருக்கிறேன். கொஞ்சம் மழை பட்டால் உடம்பெல்லாம் அரிக்கிறது. ரப்பர் மரங்களைப் பாதி வெட்டிவிட்டு அங்கேயும் கிழங்கு போடச் சொல்லியிருக்கிறான் ஜப்பான்காரன். ஊருக்குக் கப்பல் இல்லை, கடிதம் இல்லை. நீ செத்தது நம் அம்மாவுக்குத் தெரியாது. மகன் அக்கரையில் கிராணி உத்தியோகம் பார்க்கிறான் என்று இன்றைக்கும் யாரிடமாவது பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அண்ணே, அந்தக் கடற்கரைக்கு வருவோம்.

இரண்டு நாள் லீவு, லோரி வரும், யான் என்கிற ஊர்க் கடற்கரைக்குப் போய் இருந்துவிட்டு வரலாம் என்று நீதான் வந்து சொன்னாய். பால் கூடுதலாக வெட்டிக் கொடுத்தவர்களுக்குப் புதுத் துவானின், அந்த ஜப்பான் துரையின், பரிசு என்றாய். இந்தச் சீமைக்கு வந்து எட்டு வருடத்தில் நாங்கள் கடலைப் பார்த்தது கப்பலிலிருந்து இறங்கிய அன்று ஒருநாள்தான். பெண்கள் பெட்டியில் கிடந்த கல்யாணச் சேலையை எடுத்துக் கட்டினார்கள். உப்புக் காய்ச்சலாம் என்று வீட்டுக்கு வீடு தகர டின் கொண்டுவந்தார்கள். வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்தில்கூட யாரும் எங்களைக் கடலுக்குக் கூட்டிப்போனதில்லை என்று உன்னைப் புகழ்ந்தார்கள். அண்ணியை மட்டும் நீ கூட்டி வரவில்லை. ஏன்? அன்றைக்குத் தனக்குக் காய்ச்சல் என்கிறாள் அவள். நம்புவதா வேண்டாமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

முதல் நாளைப் பற்றி நான் பொய் சொல்லமாட்டேன். அது நல்ல நாள். பின்னால் ஜெராய் மலை, முன்னால் கடல், நடுவில் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல் நாங்கள். தினமும் மரத்துக்கு மரம் ஓடுகிற மனுஷர் என் வீட்டுக்காரர், மத்தியானம் வரைக்கும் மணலில் மல்லாந்து கிடந்தார். என்னையும் உட்கார விடவில்லை, படுக்கச் சொன்னார். ஆம்பளைகள் நடுவில் எப்படிப் படுப்பது என்று நான் திட்ட, முழங்கால் தண்ணீருக்குள் இழுத்துக்கொண்டு போனார். அங்கே இருந்த மலாய் மீன்காரர் சட்டி நிறைய சிப்பி கொடுத்தார். தோட்டத்தில் எங்களுக்குள் பேச்சே இருக்காது, களைப்புதான் இருக்கும். அன்றைக்குப் பேசினோம். என் வாழ்நாளில் நிறைவாக இருந்த நாள் எது என்று யார் கேட்டாலும் அதைத்தான் சொல்ல வேண்டும். அதை எனக்குக் கொடுத்தவன் நீ. அதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

சாயங்காலம் சைக்கிளில் ஒருவன் வந்து உன்னிடம் ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு நீ சாப்பிடவில்லை. பித்தம் என்றாய். கொஞ்ச நேரம் கழித்து அவரிடம் வந்து, மீன்காரர் விடியற்காலையில் வலை போடப் போகிறார், கூடப் போய்ப் பார், இனி எப்போது இப்படி வாய்க்கும் என்றாய். அவருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். விடிவதற்கு முன்னால் படகில் ஏறிப் போய்விட்டார்.

விடிந்ததும் மணலில் பெரட்டு, பேர் கூப்பிட வரிசையில் நில்லுங்கள் என்றார்கள். கடற்கரையில் என்ன பெரட்டு என்று சிரித்துக்கொண்டுதான் வந்து நின்றோம். தோட்டத்தில் தினமும் நிற்கிற வரிசை, காலுக்குத் தானே தெரியும். இரண்டு சிப்பாய்கள் நின்றார்கள். நீ தாளைப் பிடித்துக்கொண்டு ஆண்களின் பெயர்களை வாசித்தாய். ஒவ்வொருவராக இருக்கேன் என்றார்கள்.

அவருடைய பெயர் வந்தது. தோட்டத்தில் பெரட்டுக்கு அவர் பிந்தாத நாள் குறைவு. ஆள் வந்து சேருகிற வரைக்கும் நான்தான் குரல் கொடுப்பேன். நான் மட்டுமில்லை, எல்லா வீட்டிலும் பெண்டாட்டி புருஷனுக்கும், அண்ணன் தம்பிக்கும் குரல் கொடுப்பதுதான். இல்லாவிட்டால் அன்றைய பேர் போய்விடும், கூலி இல்லை. நீ தெரிந்தும் தெரியாதவன் மாதிரி தலை தூக்காமல் கோடு போட்டுக்கொண்டு போவாய்.

"முத்தையா" என்றாய். எப்போதும் தலை தூக்காதவன் அன்றைக்குத் தூக்கினாய். என்னைப் பார்த்தாய். பார்த்துக்கொண்டே நின்றாய். லீவு நாளிலும் பேர் வெட்டப் பார்க்கிறான் பாவி என்றுதான் எனக்குத் தோன்றியது.

"இருக்காரு" என்றேன்.

பெண்கள் கூட்டத்தில் யார் சொன்னது என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. உனக்குத் தெரியும். உன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன், ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. பிறகு சிப்பாய் ஆட்களை எண்ணினான். ஒன்று குறைந்தது. குரல் மட்டும் வந்து ஆளில்லாதவன் எங்கே என்று உன்னைக் கேட்டான். நீ பேசாமல் நின்றாய். கன்னத்தில் அறைந்தான். பேசவில்லை. துப்பாக்கிக் கட்டையால் தோளில் அடித்தான். பொய்க்குரல் கொடுத்தது யார் என்று வரிசையைப் பார்த்துக் கத்தினான். கூட வந்த ஆள் அதைத் தமிழில் சொன்னான். அப்போதுதான் நீ கடல் பக்கம் திரும்பி, கையைத் தூக்கிப் படகை அழைத்தாய்.

அதைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். தங்கை புருஷனைக் கடலிலிருந்து கைகாட்டிக் கூப்பிட்டுக் கொடுத்தவன் என்று உனக்குப் பெயர் வந்தது அப்படித்தான். ஈரத் துணியோடு அவரையும், பேர் வாசித்த மற்ற ஆண்களோடு லோரியில் ஏற்றினார்கள். சயாமுக்கு ரயில் பாதை போடவென்று அப்போதுதான் சொன்னார்கள். அவர் என்னைப் பார்த்து, "அழுவாத, மூணு மாசந்தானாம்லா" என்றார். அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. பாலிங் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒருவன் சயாமிலிருந்து தப்பி வந்திருக்கிறான் என்று கேள்விப்பட்டு இரண்டு நாள் நடந்து போனேன். அவனுக்கு நம் ஆளைத் தெரியவில்லை.

நீ போன மூன்றாம் நாள் அண்ணி என் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"ஒன் புருசன உச்சி வரைக்கும் கரைக்குக் கொண்டாந்துராதன்னு அந்த மீன்காரர்கிட்டக் கைக்கடியாரத்தக் கழட்டிக் குடுத்துட்டுத்தான் வந்தாரு ஒங்கண்ணன்" என்றாள். "ஆளு இல்லன்னா தாளுல பேர அடிச்சிட்டு லோரி போயிரும்னு இருந்தாரு. நீதான் கொரல் குடுத்தியாமே?"

பொய்க்குரல் கொடுத்தவள் நான் என்று சிப்பாய் கண்டுபிடிக்காமல் இருக்கத்தான் நீ படகை அழைத்தாய் என்று அப்போதுதான் விளங்கியது. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இன்னும் போகவில்லை. ஒரு வார்த்தை, அண்ணே. காலையில் வாயை மூடிக்கொண்டு நில் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? பாக்கியம் வாயில் எதுவும் தங்காது, அழுது கூட்டத்தையே எழுப்பிவிடுவாள் என்று பயந்தாயா? பார்வையிலேயே புரிந்துகொள்வேன் என்று நினைத்தாயா? நான் என்ன மந்திரக்காரியா? அதன் பிறகு ஒரு வருடம், ஊரே உன்னைத் துப்பியபோது, குரல் கொடுத்தவள் என் தங்கைதான் என்று ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாமே. நானும் நாலு பேரிடம் திட்டு வாங்கி, அழுது தீர்த்திருப்பேன். எனக்கு அதுகூட இல்லாமல் பண்ணிவிட்டாய்.

என் வாய்க்குக் காரணம் சொல்லமாட்டேன். அன்றைக்கே எனக்குள் தெரியும், நான் குரல் கொடுக்காவிட்டால் எண்ணிக்கை தப்பியிருக்காது என்று. தெரிந்தும், உன்னைத் திட்டினவர்களோடு சேர்ந்து நானும் தலையாட்டினேன். அது வசதியாக இருந்தது.

நாளை மறுநாள் உன் கருமாதி. அண்ணியும் அந்த நாலு பேரும் தவிர யாரும் வரமாட்டார்கள். அதனால் அன்று காலைப் பெரட்டில், எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, இந்தக் கடிதத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி வரை நான் உரக்க வாசிக்கப்போகிறேன். புதுக் கிராணி தடுத்தாலும் வாசிப்பேன். என் வீட்டுக்காரர் உயிரோடு திரும்பி வந்தால், வேறு யார் வாயிலிருந்தும் கேட்பதற்கு முன் அவரிடமும் நானே சொல்வேன். அவர் என்னை ஒதுக்கினால் ஒதுக்கட்டும்.

இதனால் உன் பெயர் சுத்தமாகிவிடும் என்று நினைக்காதே. மற்ற வீட்டு ஆண்களின் பெயரையெல்லாம் வாசித்துவிட்டு, தன் மச்சானை மட்டும் படகில் ஒளித்துவைத்தான் என்று அந்தப் பெண்கள் இனிமேல் திட்டுவார்கள். அதற்குப் பயந்துதானே நீயும் வாயைக் கட்டினாய்? அந்தத் திட்டு உன்னுடையது, வாங்கிக்கொள். நான் உன் தலையில் வைத்தது என்னுடையது. அதை நாளை மறுநாள் வந்து எடுத்துக்கொள்கிறேன். இது சத்தியம்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்து, உன்னைத் தூக்க வராத தங்கை,
பாக்கியம்