பதினேழாம் படத்தின் பின்பக்கம்

கச்சேரி ரோடு, மயிலாப்பூர்
12 ஜனவரி 2025

அன்பு மருமகள் சிம்ராவுக்கு, கரீமுல்லா மாமாவின் ஸலாம்.

உன் கடிதம் கிடைத்தது. டப்ளினில் ரயில் படச் சங்கத்துக்காரர்கள் உன் அத்தா எடுத்த படங்களைச் சுவரில் வைத்து, கீழே அவர் பெயரையும் போடப்போகிறார்கள் என்று படித்ததும் தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். அமீன் மச்சான், அல்லாஹ் அவருக்குச் சுவனம் தரட்டும், அந்த ஊர் ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் பன்னிரண்டு வருஷம் வெங்காயம் அரிந்ததை மட்டும் சொல்லவில்லை. என்ஜினியர் என்றேன். கேட்கிறவர்களுக்கும் சந்தோஷம்.

மச்சான் ஊர் திரும்பும்போது கொண்டுவந்த முப்பத்தொரு படமும் என்னிடம் பத்திரம். பத்திரம் என்றால் அப்படி ஒரு பத்திரம்! முன்பக்கத்தை என் மகள் ரூபீனா போனில் எடுத்து உனக்கு அனுப்பிவிட்டாள். பின்பக்கத்துப் பென்சில் எழுத்து போனில் விழாது கண்ணு, மங்கல். நானே படித்து எழுதுகிறேன். இங்கிலீஷில் பள்ளிக்கூடத்துக்கே முதலாவதாக வந்திருக்க வேண்டியவன் நான்; பரீட்சைக்குத்தான் போக முடியவில்லை.

ஒன்பதாம் படம்: 1981, டொனிகால் நீராவி எக்ஸ்பிரஸ். டிரைவர் மச்சானை ஏற்றிக் கரி அள்ளிப் போடச் சொன்னார். பதினேழு: மந்திரி ஏறிய ரயில். இறங்கி வந்து மச்சானுக்குக் கை கொடுத்தார். மற்றவை தனித்தாளில்.

இப்படிக்கு,
உன் மாமா கரீமுல்லா

டப்ளின்
3 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கு,

ஸலாம். மாமி நலமா?

என்ஜின் எண்ணை நான் பூதக்கண்ணாடி வைத்துப் படித்துவிடுவேன். எந்த ஊர், எந்த நாள் என்பதை அத்தாவின் பென்சில்தான் சொல்லும். அதனால் உங்கள் தாளை அப்படியே மொழிபெயர்த்து, ‘அமீன் தன் கையால் எழுதியது’ என்று போட்டுக் கொடுத்தேன்.

நேற்றுக் கூட்டத்தில் ஒன்பதாம் படத்துக் குறிப்பைப் படித்ததும் சிரித்தார்கள். டொனிகால் சிறு ரயில்பாதையை மூடி, 1981க்கு இருபது வருஷம் முன்பே தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்களாம். படத்தில் இருப்பது அந்தப் பாதையின் என்ஜின்தான்; அத்தா இந்த நாட்டுக்கு வந்ததோ 1978இல். “யாரோ எடுத்த படங்களையெல்லாம் உன் அப்பா தன்னுடையது என்று வைத்துக்கொண்டாரா?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அது கடையில் வாங்கிய படமாக இருந்தால் அத்தா அதையும் பின்னால் எழுதியிருப்பார் மாமா. அவர் அப்படிப்பட்டவர்.

அசல் படங்களை அனுப்புங்கள். மார்ச்சுக்குள் பின்பக்கத்தைக் காட்டாவிட்டால் அவர் பெயரை எடுத்துவிடுவார்கள்.

சிம்ரா

மயிலாப்பூர்
15 பிப்ரவரி 2025

அன்பு மருமகளுக்கு,

பார்சல் அனுப்பிவிட்டேன். பிரித்ததும் அந்தப் பெரியவர் வாயைப் பிளப்பார் பார்! மச்சானின் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு நான் செய்த மரியாதை அது. மனிதர் படத்தைத்தான் நம் வீட்டுச் சுவரில் மாட்டமாட்டோம், ரயிலுக்கென்ன? தி.நகரில் கொடுத்து, முப்பத்தொன்றையும் மரப்பலகையில் ஒட்டி, மேலே பிளாஸ்டிக் போட்டு, தங்கக் கலர் ஓரம் கட்டி லேமினேஷன் பண்ணினேன். நூறு வருஷம் தாங்கும்.

கடைக்காரன்கூடக் கேட்டான், “பாய், பின்னாடி இன்னாவோ எழுதிக் கீதே, ஒட்டுனா பூடும்.”

“பென்சில் கிறுக்கல் நைனா. நீ பசைய நல்லா தடவு” என்றேன்.

நீ பின்பக்கத்தைக் கேட்டபோது அதெல்லாம் பசைக்குள் போய்விட்டது; தெரியாது என்று மாமா எழுத முடியுமா? மச்சான் சொன்ன கதைகளோடு என் கையிலிருந்தும் கொஞ்சம் போட்டேன். அந்தப் பெரியவரிடம் போனைக் கொடு, நான் பேசிக்கொள்கிறேன்.

மாமா

டப்ளின்
4 மார்ச் 2025

மாமாவுக்கு,

ஒரு பலகையை ஆவியில் காட்டி உரித்தேன். தாள் கூழாக வந்தது.

அத்தா பெயரை எடுத்துவிட்டார்கள். கூட்டத்தில் யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பின்பக்கத்தில் இருந்தது ஏதாவது ஒன்று, ஒரே ஒன்று, நினைவிருக்கிறதா? கதை சேர்க்காமல் எழுதுங்கள்.

சிம்ரா

மயிலாப்பூர்
15 மார்ச் 2025

சிம்ரா,

ஒன்று நினைவிருக்கிறது. பதினேழு. மற்றதெல்லாம் இங்கிலீஷ், அது மட்டும் தமிழ். அதனால்தான் படித்தேன். ‘சிம்ரா பிறந்ததாகத் தந்தி. வேலைக்குப் போகவில்லை. இந்த ரயில் மறையும்வரை நின்றேன்.’

மந்திரி யாரும் வரவில்லை. இது அல்லாஹ்மேல் ஆணை.

கரீமுல்லா

டப்ளின்
2 ஏப்ரல் 2025

மாமாவுக்கு,

பதினேழாம் படத்தில் மரங்களுக்கு இலை இல்லை, இங்கே அது குளிர்காலம். நான் பிறந்தது ஜனவரி. நீங்கள் எழுதியது மெய்யாக இருக்கலாம். ஆனால் நான் பிறந்த மாதம் உங்களுக்கும் தெரியும், படமும் உங்கள் சுவரில்தான் இருந்தது. மந்திரியையும் நீங்கள் இதே கையெழுத்தில்தான் எழுதினீர்கள்.

நம்ப வேண்டும் என்று எனக்கு எவ்வளவு ஆசை என்பதும் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் நம்ப முடியவில்லை.

பலகைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மாட்டிக்கொள்ளுங்கள். இனிக் கடிதம் வேண்டாம்.

ஒன்றை மட்டும் சங்கம் வைத்துக்கொண்டது. அதன் கீழே ஒட்ட வேண்டிய சீட்டை என்னையே எழுதித் தரச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தேன்:

படம் 17. ஊர் தெரியவில்லை. நாள் தெரியவில்லை. எடுத்தவர் தெரியவில்லை.