இருபத்தைந்தாவது பந்து

அக்டோபர் 23, வியாழன் மாலை

அன்புள்ள மார்லா அக்காவுக்கு,

உன் தம்பி ட்ராவிஸ் எழுதிக்கொள்வது. இங்கே என் இடது கட்டைவிரல் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நலம். பயிற்சி முகாமில் கடற்படைக்காரர்கள் உன் உடம்பில் எதையெல்லாம் நலமாக விட்டுவைத்திருக்கிறார்கள் என்று நீ எழுது.

இந்தத் தாளில் எண்ணெய்க் கறை இருந்தால் மன்னித்துக்கொள். அது மாட்டிறைச்சிக் கொழுப்பு. ஆமாம் அக்கா, ஜெயித்துவிட்டோம்! எங்கள் அணி ஸ்டேக் தின்றது, தோற்ற அணி டப்பா பீன்ஸ் தின்றது. அதுவும் எங்களுக்குப் பரிமாறி முடித்த பிறகு, ஆறிப்போனதை. தோற்ற அணியின் ஃபின்லி பூப்போட்ட ஏப்ரன் கட்டிக்கொண்டு என் தட்டில் இறைச்சியை வைத்தான். "இன்னும் கொஞ்சம் வேகணுமே தம்பி" என்று திருப்பி அனுப்பினேன். இரண்டு முறை. ஆறடி நான்கு அங்குல ஆள், பல்லைக் கடித்துக்கொண்டு எடுத்துப்போனான். இங்கே கல்லூரி பேஸ்பாலில் இலையுதிர்காலப் பயிற்சியின் கடைசி வாரம் எங்களையே இரண்டு அணியாகப் பிரித்து மூன்று ஆட்டம் ஆடவைப்பதே இந்தச் சுகத்துக்காகத்தான் போலிருக்கிறது.

ஆனால் எனக்கு உண்மையான ஆட்டம் நாளைக்குத்தான். மதியம் இரண்டு நாற்பதுக்குக் கோச் ஹெட்ஸ்ட்ராமின் அறைக்குப் போகவேண்டும். நாங்கள் நாற்பத்தேழு பேர். வசந்தகாலப் பருவத்துக்கு முப்பத்துநான்கு பேருக்குத்தான் இடம். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இருக்கிறாயா போகிறாயா என்று சொல்லிவிடுவார். நானோ உதவித்தொகை இல்லாமல், யாரும் அழைக்காமல், மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றவன். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் மண்டியிட்டுப் பந்து பிடிக்கும் கேட்ச்சர்கள் ஐந்து பேர் இருக்கிறோம், மூன்று பேரைத்தான் எடுப்பார். அப்பாவிடம் நீ எனக்கு வாங்கிக்கொடுத்த வாக்கு ஒரே ஓர் இலையுதிர்காலத்துக்குத்தான். இடம் கிடைக்காவிட்டால் நவம்பரில் வீட்டுக்கு வந்து தானிய லாரி ஓட்டவேண்டும். இரண்டாவது லாரியின் இருக்கைக்குப் புது உறைகூடப் போட்டுவைத்துவிட்டார் என்று அம்மா சொன்னாள்.

இந்த இரண்டு மாதம் எப்படிப் போனது என்று கேட்டால், மாவரைத்த மாதிரிதான். காலை ஐந்தரைக்கு இரும்பு தூக்க ஆரம்பிப்போம். ஏழு மணிக்கு நான் மண்டியிட்டு உட்கார்ந்தால் அரெடோண்டோவின் பந்துகள் வரும். லரேடோவிலிருந்து வந்தவன், கடைசி வருட மாணவன், எங்கள் அணியின் தலைவன், வாய் ஓயாதவன். அவன் வீசும் வளைபந்து மண்ணில் குத்தி எந்தப் பக்கம் எகிறும் என்று அவனுக்கே தெரியாது. மற்ற கேட்ச்சர்கள் கையுறையை நீட்டிப் பார்த்துவிட்டுப் பின்னால் ஓடிப் பொறுக்குவார்கள். எனக்கு அவ்வளவு வேகமான கை கிடையாது, அதனால் நெஞ்சைக் கொடுத்துவிடுவேன். நெஞ்சில் இப்போது எல்லா நிறமும் இருக்கிறது. இவ்வளவு செய்தும், அணி பிரிக்கிற அன்று அந்தப் படுபாவி என்னை நாற்பத்தாறாவது ஆளாகத்தான் எடுத்தான். நாற்பத்தேழாவது ஆளுக்குக் காலில் மாவுக்கட்டு.

திங்கட்கிழமை முதல் ஆட்டம். அதில் நான் செய்ததை யாரும் உனக்குச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். பயிற்சி ஆட்டங்களில் இங்கே ஒரு வழக்கம் உண்டு. பந்து வீசும் பிட்ச்சரின் தோள் கெட்டுப்போகக் கூடாது என்று, இருபத்தைந்து பந்து ஆனதும், எத்தனை பேர் அவுட் என்று பாராமல் கோச் விரலைச் சுழற்றுவார். அத்தோடு அந்த இன்னிங்ஸ் முடிந்தது. பந்தை மைதானத்தில் உருட்டிவிட்டு எல்லாரும் இறங்கிவிடுவோம். எண்ணிக்கை வைத்துக்கொள்வது கேட்ச்சரின் வேலை. இரண்டு மாதமாக எண்ணி எண்ணி எனக்குச் சோறு தின்னும்போதுகூட இருபத்தைந்தாவது கவளத்தில் கை நிற்கிறது. ஆனால் இந்த மூன்று ஆட்டத்துக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது, மூன்று பேரை அவுட் ஆக்கினால்தான் இறங்கலாம் என்று அன்று காலை கோச் சொன்னார். நானும் நன்றாகத் தலையாட்டினேன்.

எட்டாவது இன்னிங்ஸ். நாலுக்கு நாலு. இரண்டு பேர் அவுட், மூன்றாவது பேஸில் ஃபின்லி நிற்கிறான். அரெடோண்டோ திணறித் திணறி இருபத்தைந்தாவது பந்தைப் போட்டான். நல்ல பந்து, ஸ்ட்ரைக். நான் எழுந்தேன், மாஸ்க்கைக் கழற்றினேன், பந்தை உருட்டிவிட்டேன், எங்கள் பெஞ்சைப் பார்த்து நடந்தேன். அக்கா, நான் நடந்தது பன்னிரண்டு அடி இருக்கும். "டேய், எங்கடா போற? வீட்டுக்கா?" என்று அரெடோண்டோ அலறியது காதில் விழுவதற்குள், ஃபின்லி தெருவில் காலாற நடப்பவனைப்போல நடந்து வந்து ஹோம் பேஸை மிதித்து ஓர் ஓட்டம் எடுத்துவிட்டுப் போனான். அந்த ஓர் ஓட்டத்தில் தோற்றோம். கோச் நோட்டில் ஏதோ எழுதினார். அவர் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து என் பெயர் இருபத்தைந்து. சாப்பாட்டு அறையில் நான் தட்டோடு எழுந்தால் "உக்காருடா, இன்னும் இன்னிங்ஸ் முடியல" என்கிறார்கள். வரலாற்று வகுப்பில் ஒருவன் எழுந்து, வருகைப்பதிவில் என் பெயருக்குப் பதிலாக இருபத்தைந்து என்று படிக்கும்படி பேராசிரியரிடமே கேட்டான். அரெடோண்டோ மட்டும் தோளில் கை போட்டு, "உன் கணக்கு சரிதான் மாப்ளே. இருபத்தஞ்சேதான். வேலைதான் முடியல" என்றான். அன்று நான் லாரியையும் அந்தப் புது இருக்கையுறையையும் நினைத்துக்கொண்டே படுத்தேன். வெட்கமாக இருந்தது. உனக்கு எழுதப் பேனாவை எடுத்து, எழுதாமல் வைத்துவிட்டேன்.

புதன்கிழமை ஆட்டத்தில் என்னைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மெர்சரைக் கேட்ச்சராக இறக்கினார்கள். நான் இல்லாமலே எங்கள் அணி ஏழுக்கு இரண்டு என்று ஜெயித்தது, ஆளுக்கு ஓர் ஆட்டம் என்றானது. இன்றைக்குக் கடைசி ஆட்டம். கான்சாஸ் காற்று உனக்குத் தெரியுமே, அறுவடைத் தூசியெல்லாம் எங்கள் பல்லுக்குள்தான். கடைசி இன்னிங்ஸில் மூன்றுக்கு இரண்டு என்று முன்னால் இருந்தோம். அரெடோண்டோ வீச வந்தான். இரண்டு பேரை அவுட் ஆக்கினான். அப்புறம் ஒருவன் அடித்துவிட்டு இரண்டாவது பேஸ்வரை ஓடினான். அடுத்து ஆட வந்தவன் ஃபின்லி. முதல் வளைபந்துக்கே மட்டையை வீணாக வீசி ஒரு ஸ்ட்ரைக் வாங்கினான். ஆனால் பந்து மெர்சரின் கையுறைக்கு அடியில் புகுந்து வேலிவரை போய்விட்டது. இரண்டாவது பேஸில் இருந்தவன் மூன்றாவதுக்கு வந்துவிட்டான். இனி ஒரு பந்து தவறினாலும் ஆட்டம் சமன்.

அரெடோண்டோ ஆட்டத்தை நிறுத்திவிட்டு எங்கள் பெஞ்சைப் பார்த்தான். "இருபத்தஞ்சு! மாஸ்க்கப் போட்டுட்டு வாடா" என்றான். யாரோ சிரித்தார்கள். "இவனா? பாதியில கெளம்பிப் போயிருவான்டா" என்று ஃபின்லி கத்தினான். "போனா போறான். நின்னான்னா நெஞ்சக் குடுப்பான்ல, அது போதும் எனக்கு" என்றான் அரெடோண்டோ. மெர்சர் மறு பேச்சு பேசாமல் எனக்கு இடம் விட்டான்.

ஒரு நேர்பந்தை ஃபின்லி வெளியே தட்டிவிட்டான். இரண்டு ஸ்ட்ரைக், மூன்றாவது விழுந்தால் அவுட். அடுத்ததாக மண்ணில் குத்தும் வளைபந்தைக் கேட்டு விரலைக் காட்டினேன். அரெடோண்டோ என்னையே பார்த்தான். மறுபடியும் அதையே காட்டினேன். வந்தது பார் ஒரு பந்து! ஃபின்லி மட்டையைச் சுழற்றி வெறும் காற்றை அடித்தான். பந்து எனக்கு முன்னால் மண்ணில் குத்தி, கட்டைவிரலில் பட்டு, நெஞ்சில் மோதி, இரண்டடி தள்ளி விழுந்தது. அரெடோண்டோ கையைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறான். பெஞ்சிலிருந்து எல்லாரும் ஓடிவருகிறார்கள். முதல் பேஸில் காவல் நின்ற எங்கள் ஆள் கையுறையையே வானத்தில் எறிந்துவிட்டான். உனக்குத் தெரியாததா, மூன்றாவது ஸ்ட்ரைக் மண்ணைத் தொட்டுவிட்டால் ஆட்டம் இன்னும் முடியவில்லை. ஃபின்லி முதல் பேஸுக்குப் போவதற்குள் அவனைப் பந்தால் தொடவேண்டும், இல்லாவிட்டால் முதல் பேஸுக்கு எறியவேண்டும். எறிந்தால் பிடிக்க அங்கே கையுறை இல்லை!

அந்த மைதானத்தில் அது தெரிந்தவர்கள் நானும், பிட்ச்சருக்குப் பின்னால் அம்பயராக நின்ற கோச்சும் மட்டும்தான். அப்புறம் ஃபின்லிக்கும் உறைத்துவிட்டது, ஓட ஆரம்பித்தான். நான் பந்தைப் பொறுக்கிக்கொண்டு, கவசம், முழங்கால் தகடு எல்லாம் கடகடக்க அவன் பின்னால் ஓடினேன். என் சொந்த அணிக்காரர்களே வழியை மறித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். பாதி வழியில் பாய்ந்து விழுந்தேன். பந்து அவன் குதிகாலில் பட்டது. கோச் கையை மடக்கிக் காட்டினார். அவுட். அரெடோண்டோ என் மேல் வந்து விழுந்து, "இருடா, எந்திரிக்காத, எதுக்கும் இன்னொரு தடவ எண்ணிக்கலாம்" என்றான். நான் மண்ணில் கிடந்து சிரித்தேன் அக்கா. அழுதேன் என்று எவனாவது உனக்குச் சொன்னால் நம்பாதே.

மீதி நாளைக்கு.

வெள்ளி, மாலை நான்கு மணி

அக்கா, கோச் அறைக்கு வெளியே நடைபாதை நாற்காலியில் எனக்கு முன்னால் மெர்சர் உட்கார்ந்திருந்தான். உள்ளே போனான், மூன்று நிமிடத்தில் வந்தான். முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு இடம் இல்லை என்று தெரிந்துவிட்டது. "நல்லா ஆடுனடா நேத்து" என்று கை கொடுத்தான். அடுத்து நான் போனேன். கோச் உட்காரச் சொல்லவில்லை. நோட்டைப் புரட்டியபடியே, "முப்பத்துநாலு பேர்ல நீ முப்பத்துநாலாவது. ஜனவரி பன்னெண்டு, காலைல ஆறு மணி. லேட்டா வந்தா முப்பத்தஞ்சாவது ஆளு நீ. போறப்ப கதவச் சாத்திட்டுப் போ" என்றார். கதவைச் சாத்தினேன். பிறகு படிக்கட்டு முழுக்கக் கத்திக்கொண்டே இறங்கினேன். இரண்டாவது மாடியில் ஓர் ஆசிரியை கதவைத் திறந்து என்ன விபத்து என்று கேட்டார்.

உடனே அப்பாவைக் கூப்பிட்டேன். தானியக் கிடங்கில் இருந்தார், பின்னால் ஒரே இரைச்சல். சொன்னேன். இயந்திரத்தை நிறுத்தும் சத்தம் கேட்டது. "அப்ப லாரிக்கு வேற ஆளுதான் பாக்கணும்" என்றார். அவர் சந்தோஷத்தை அப்படித்தான் சொல்வார் என்று நமக்குத் தெரியும். அப்புறம்தான் அக்கா, நான் எதிர்பாராதது நடந்தது. "மார்லாவுக்கு எழுதிட்டியா?" என்று கேட்டார்.

உன் பெயரைச் சொன்னார். எனக்காக அத்தனை வாதாடியவள், உன் விஷயத்தில் மட்டும் யாரிடமும் கேட்காமல் கடற்படையில் சேரக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நின்றாய். அன்றிலிருந்து இந்த எட்டு வாரத்தில் அவர் வாயில் அந்தப் பெயர் வரவில்லை. நீ பஸ் ஏறிய நாளில் கொட்டகைக்குள் போய், பழுதில்லாத லாரியைப் பிரித்துப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதை அம்மா உனக்கு எழுதவேண்டாம் என்றாள். நான் எழுதிவிட்டேன்.

உங்கள் பயிற்சி நிறைவு அணிவகுப்பு என்றைக்கு என்று கேட்டார். நவம்பர் பதின்மூன்று என்றேன். பிறகு, "அந்த முகாம்கிட்ட வண்டி நிறுத்த எடம் இருக்குமா?" என்றார். தெரியாது என்றேன். வேறு என்னென்னவோ பேசிவிட்டு, வைப்பதற்கு முன்னால் அதையே திரும்பவும் கேட்டார்.

விருந்தினர் பட்டியலில் அம்மா பெயரையும் என் பெயரையும் மட்டும் கொடுத்திருப்பதாக எழுதியிருந்தாய். உன்னைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அதில் இன்னொரு வரி சேர்த்துவிடு. என் இடம் கிடைத்துவிட்டது அக்கா, அதை வாங்கிக்கொடுத்தவள் நீ. உடம்பைப் பார்த்துக்கொள். நீ எடுத்ததெல்லாம் ஜெயிக்கட்டும். இதைப் படித்ததும் எனக்குப் பதில் எழுதாதே, அப்பாவுக்கு எழுது. அவர் பெயருக்கே. வேறொன்றும் வேண்டாம், வண்டி நிறுத்த இடம் இருக்கிறது என்று மட்டும் எழுது.

என்றும் உன் அன்புத் தம்பி,
ட்ராவிஸ்