இருபது ஆம்ப், மஞ்சள் நிறம்

அக்டோபர் 8, செவ்வாய்

காரில் சார்ஜர் செருகும் துளை செத்துக் கிடக்கிறது. என் மனைவி டீனாவின் ஆக்சிஜன் இயந்திரத்தைச் செருகிப் பார்த்தேன், ஒரு விளக்கும் எரியவில்லை. தன் பேட்டரியில் அது மூன்று மணி நேரம்தான் ஓடும். இங்கே ஆல்டோனாவிலிருந்து ஸ்விஃப்ட் கரண்ட் என்ற ஊருக்குக் காரில் ஒன்பது மணி நேரம். அங்கே ஆஸ்பத்திரியில் அவளுடைய தம்பி கார்னி படுத்திருக்கிறான். இரண்டு வாரம் தாங்கினால் அதிகம் என்றார்களாம்.

“ஃபியூஸ்தான் போயிருக்கும். பத்து நிமிஷ வேலை” என்றேன். அதை நம்பி, நாளைக்கே கிளம்புவதாகத் தம்பியிடம் போனில் சொல்லிவிட்டாள்.

அக்டோபர் 9, புதன்

பத்து நிமிஷமாம்! ஃபியூஸ் பெட்டியே இரண்டு. எஞ்சின் பக்கம் ஒன்று, காலடியில் ஒன்று. மூடியில் உள்ள படத்தை எறும்பு படிக்கத்தான் அச்சிட்டிருக்கிறார்கள். எழுபத்துமூன்று வயதில் தலைகீழாகத் தொங்கி, டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். முதலில் ஹாரன் போனது, பிறகு வைப்பர். பதினேழாவதில்தான் கம்பி கருகியிருந்தது. மஞ்சள், இருபது ஆம்ப்.

கொட்டகை டப்பாவில் ஐம்பது ஃபியூஸ் இருக்கிறது. அத்தனையும் டிராக்டருக்கு. ஒன்றுகூட நுழையவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

உதிரிபாகக் கடைக்கு இரண்டு முறை அலைந்தேன். முதலில் வாங்கியதற்குக் கால் நீளம்.

“பழசைக் கொண்டு வந்தீங்களா?” என்றாள் கடையில் நிற்கும் லொரெட்டா. கொண்டுபோகவில்லை. காலே இல்லாத குட்டை ரகம் ஒன்று இருக்கிறதாம். இதை எவன் கண்டுபிடித்தான்?

குட்டை ரகம் சரியாக உட்கார்ந்தது. இயந்திரத்தைச் செருகினேன். டிக். போச்சு. இன்னொன்று. டிக்.

“ஏப் தன் வண்டியை எடுத்துட்டுப் போகச் சொல்றான்” என்றாள் டீனா. ஏப் பக்கத்து வீட்டுக்காரன்.

“நம்ம வண்டி இருக்கும்போது அடுத்தவன் வண்டி எதுக்கு?”



அக்டோபர் 11, வெள்ளி

மூன்றாவதும் போச்சு. கார்னி போனில், “என்னக்கா, குதிரை வண்டியிலயா வர்றீங்க?” என்று இருமி இருமிச் சிரித்தான்.

அக்டோபர் 12, சனி

எழுதவே வெட்கமாக இருக்கிறது. அறுவடை நேரத்தில் டிராக்டர் ஃபியூஸ் போனால் எங்களில் யாரும் டவுனுக்கு ஓடுவதில்லை. கையில் இருக்கும் பெரியதைச் செருகிவிட்டு வேலையைப் பார்ப்போம். அதே பழக்கம். கடையில் வாங்கிய பொட்டலத்தில் பச்சை, முப்பது ஆம்ப் ஒன்று இருந்தது. செருகினேன். தாக்குப்பிடித்தது! டீனாவை உட்காரவைத்துச் சோதித்தேன். அரை நிமிஷத்தில் துளையிலிருந்து புகை.

தானே கதவைத் திறந்து இறங்கிச் சரளைக்கல்லில் நின்று நடுங்கினாள். “மூக்குல ஆக்சிஜன் ஓடுது எனக்கு. பக்கத்துல நெருப்பு வைக்கிறியே, டீட்ரிக்! நீயெல்லாம் ஒரு மனுஷனா?”

இல்லைதான்.

அக்டோபர் 14, திங்கள்

தேங்க்ஸ்கிவிங், அறுவடைக்கு நன்றி சொல்லும் பண்டிகை. எல்லாக் கடையும் பூட்டு. வெட்கத்தை விட்டு ஏப்பிடம் வண்டி கேட்கப் போனேன். மகள் வீட்டுக்கு அதை ஓட்டிக்கொண்டு போய்விட்டானாம், புதன்தான் வருவான். டீனா போன் செய்தாள். கார்னி தூங்குகிறான் என்றாள் அவன் மனைவி. காலையிலும் அதையேதான் சொன்னாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். ஃபியூஸ் செய்தவனின் ஏழு தலைமுறையையும் திட்டினேன். லொரெட்டா வெளியே வந்து, காரின் துளைக்குள் டார்ச் அடித்து, இடுக்கியை விட்டு இழுத்தாள். கருகிச் சுருண்ட ஈயத்தாள். பெப்பர்மின்ட் மிட்டாய் சுற்றிய தாள்.

எங்கள் சபையில் பிரசங்கம் நீண்டால் எல்லார் வாயிலும் பெப்பர்மின்ட் இருக்கும். நான் போகும் வழியிலேயே ஆரம்பித்துவிடுவேன். பழைய டிரக்கில் அதே இடத்தில் சிகரெட் சாம்பல் கிண்ணம் இருந்தது. தாளை அங்கே திணித்துத் திணித்துப் பழகிய விரல், இந்தக் காரிலும் திணித்திருக்கிறது. நானேதான். என் விரலேதான்.

“ஃபியூஸ் ஒழுங்காத்தான் வேலை பார்த்திருக்கு. ஒவ்வொண்ணும் உங்களைக் காப்பாத்திட்டுத்தான் செத்திருக்கு” என்றாள்.

நல்ல காலம், உள்கம்பி உருகவில்லை. புது மஞ்சள் ஃபியூஸ் போட்டாள். வீட்டுக்கு வந்து இயந்திரத்தைச் செருகினேன், அதில் பச்சை விளக்கு எரிந்தது. பத்து மணிக்குக் கிளம்பிவிட்டோம்.

அக்டோபர் 16, புதன். ஸ்விஃப்ட் கரண்ட்

கார்னிக்கு ஞாயிற்றுக்கிழமையே பேச்சு நின்றுவிட்டது. டீனா அவன் கையைப் பிடித்துக்கொண்டு சின்ன வயதுச் சண்டைகளையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவன் ஒன்றுக்கும் சிரிக்கவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

அடக்கம் முடிந்தது. கார்னி வியாழன் விடியற்காலையில் போய்விட்டான்.

சபைக் கூடத்தில் பன்னும் காபியும் கொடுத்தார்கள். நான் தட்டோடு டீனாவின் பின்னால் நின்றிருந்தேன். கார்னியின் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். “நாள் முழுக்க வாசலையே பார்த்துட்டுக் கிடந்தாரு. ஏன் அண்ணி இவ்வளவு லேட்டு?”

டீனா திரும்பி என்னைப் பார்க்கவில்லை.

“பனி” என்றாள். “ரோட்டையே மூடிட்டாங்க.”

நாற்பத்தேழு வருஷத்தில் அவள் பொய் சொல்லி நான் கேட்டதில்லை. அந்த வாரம் முழுக்க நல்ல வெயில்.