இருபத்தைந்து கிராம்

செவ்வாய், காலைச் சாப்பாடு முடிந்த கையோடு

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கை எழுதுகிறேன். கட்டிலில் சாய்ந்து, முதுகுக்கு இரண்டு தலையணை கொடுத்து, மடியில் பலகை வைத்து எழுதுவதால் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். திட்டாதே. அத்தானின் முட்டிவலி எப்படி இருக்கிறது? என் ஆபரேஷனுக்காக நீ இங்கே வந்திருந்த நாலு நாளும் நீ சமைத்துப் போடும் விடுதிப் பிள்ளைகள் நூற்றிருபது பேரும் உதவிச் சமையல்காரர் ஆக்கிப் போட்டதைச் சாப்பிட்டுப் பிழைத்துக்கொண்டார்களா?

போனில் எழுதி அனுப்பினால் கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறாய். பேசலாம் என்றால் எனக்குத் தடை. தொண்டையில் கட்டி எடுத்த இடம் ஆற ஒரு மாதம் ஆகும், அதுவரை ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டாக்டர் சொன்னபோது நீயும்தான் பக்கத்தில் இருந்தாய். நீ சிரித்ததை நான் மறக்கவில்லை. பதினெட்டு வருஷம் பேருந்து நிலையத்தில் மைக் பிடித்து அறிவிப்புச் சொல்லி ஊரையே ஏற்றி இறக்கியவளுக்கு இப்படி ஒரு தண்டனை. என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டால் "நல்லா இருக்கா" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் உனக்குக் கிடைக்காது. அவருக்கு 'பூட்டு' என்று பேர் வைத்தவளே நீதானே. பூட்டுக்கடை வைத்திருப்பதால் வைத்தாயா, வாயைத் திறக்காததால் வைத்தாயா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கிளம்பும்போது வாசலில் நின்று நீ அவரிடம் சொன்னது எனக்கு உள்ளே கேட்டது. "நாற்பத்தொரு கிலோவா உங்ககிட்ட விட்டுட்டுப் போறேன். மாசக் கடைசியில நாற்பத்துநாலு இருக்கணும். இல்லேன்னா வண்டி வச்சுட்டு வந்து அள்ளிட்டுப் போயிடுவேன். ஆறு மாசம் என்கிட்டதான் இருப்பா" என்றாய். மனுஷன் தலையை ஆட்டியிருப்பார். அன்றைக்கே அடுப்படிக்குள் போனவர்தான்.

அக்கா, இவர் இருபத்திரண்டு வருஷத்தில் அடுப்படியில் செய்த ஒரே வேலை, அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் மாற்றியது. முதல் நாள் முட்டையைக் கிண்ணத்தின் விளிம்பில் ஓங்கி அடித்தார். பாதி தரையில், பாதி சட்டையில். அடுத்ததைக் காதருகே வைத்துச் சாவி தட்டும் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டினார். அதில் ஓடு பொடிப்பொடியாகி உள்ளே விழுந்தது. கடையில் சின்ன ஸ்பிரிங் எடுக்கிற இடுக்கியைக் கொண்டுவந்து ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினார். கட்டிலிலிருந்து பார்த்தால் அடுப்படியில் பாதி தெரியும். சிரிக்கவும் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால் தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

அடுப்பு இருக்கும் பாதி என் கண்ணில் படாது, ஆனால் சத்தம் கேட்கும். கட்டிலை ஒட்டிய பக்கச் சுவருக்கு அந்தப் புறம்தான் அடுப்பு. சட்டியில் முட்டை விழுந்ததும் 'சர்ர்' என்று சீறினால் தீ அதிகம் என்று அர்த்தம். கத்த முடியாதே. கரண்டியால் சுவரில் ஓங்கித் தட்டினேன். எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று ஓடிவந்தார். தாளில் எழுதிக் காட்டினேன்: ஒரு தட்டு என்றால் தீயைக் குறை, இரண்டு தட்டு என்றால் கிளறு, மூன்று தட்டு என்றால் அணை. அதிலிருந்து எங்கள் வீட்டில் சமையல் இப்படித்தான் நடக்கிறது.

அளவில் மட்டும் குறை சொல்ல முடியாது. காலையில் முட்டை இருபத்தைந்து கிராம் என்று நர்ஸ் சொன்னதாக உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்தார். கடையில் பித்தளைத் துண்டு நிறுக்கும் சின்னத் தராசை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார். முட்டையை உடைத்து, அடித்து, நிறுத்து, சரியாக இருபத்தைந்து கிராம் எனக்கு. மீதியை மூடி வைத்து மறுநாள். ஒரு முட்டை எனக்கு இரண்டு நாளைக்கு வருகிறது. ஒரு கிராம் கூடாது, குறையாது. ஆகவே நீ கவலைப்படாதே. விழுங்க இன்னும் வலிப்பதால் எனக்கும் அந்த அளவு சௌகரியமாகவே இருக்கிறது.

அத்தானிடம் விசாரித்ததாகச் சொல். பதில் போடு.

உன் அன்புத் தங்கை


திங்கள், மதியம்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. கடிதமா அது. ஒவ்வொரு வரிக்கும் கீழே இரண்டு கோடு போட்டு, தாளே கிழிந்திருக்கிறது. "புத்தி இருக்கா ரெண்டு பேருக்கும்? இருபத்தஞ்சு கிராம் புரதம்டி, இருபத்தஞ்சு கிராம் முட்டை இல்லை. ஒரு முட்டைல ஆறு கிராம் புரதம்தான் இருக்கும்" என்று நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து நாளில் ஐந்து முட்டை. ஒரு கோழிக்குஞ்சு கூட இதைவிட அதிகம் சாப்பிட்டிருக்கும்.

தப்பு என்னுடையதும்தான். இவருக்குத் தெரியாது, சரி. ஆயுசு முழுக்கச் சமைத்த எனக்குத் தெரியாதா, ஒரு ஆளுக்கு அரை முட்டை காணாது என்று? தெரியும் அக்கா. விழுங்குகிற வலிக்குப் பயந்து சும்மா இருந்துவிட்டேன். போன வாரம் எடை பார்த்தபோது நாற்பதரை. அதை உனக்கு எழுதாமல் மறைத்தேன். இப்போது எழுதிவிட்டேன், திட்டுவதை மொத்தமாகத் திட்டிவிடு.

மாடி அறைக்கு வெள்ளையடித்துக் கட்டில் போட்டுவிட்டதாக எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தையும் சேர்த்து இவரிடம் நீட்டிவிட்டேன். நீட்டியிருக்கக் கூடாது. இரண்டு தடவை படித்தார், நாலாக மடித்து என்னிடமே கொடுத்தார், அன்று சாப்பிடாமல் கடைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் நீ எழுதியனுப்பிய செய்முறையைப் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தார். விளிம்பில் அடிக்காமல் சமதரையில் தட்டுகிறார். ஒவ்வொன்றாகச் சின்னக் கப்பில் உடைத்துப் பார்த்துப் பெரிய கிண்ணத்தில் ஊற்றுகிறார். மூன்று முட்டை, இரண்டு கரண்டிப் பால், ஒரு சிட்டிகை உப்பு. வெள்ளையும் மஞ்சளும் பிரிந்து தெரியாதவரை முள்கரண்டியால் அடி என்று நீ எழுதியதற்கு, விளக்கடியில் கிண்ணத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பரிசோதனை. வெண்ணெய் உருகி நுரைத்ததும் ஊற்றிவிட்டுப் பத்து எண்ணும்வரை தொடாதே என்றாய் அல்லவா, வாய்விட்டு எண்ணுகிறார். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசுகிற மனுஷன், காலையிலேயே பத்து வார்த்தை பேசிவிடுகிறார்.

கஷ்டம் எங்கே என்றால் இறக்குவதில். ஈரமாக இருக்கும்போதே அடுப்பை அணை, மீதி வேக்காட்டைச் சட்டிச் சூடு பார்த்துக்கொள்ளும் என்றால் இவருக்கு நம்பிக்கை வரவில்லை. பூட்டுக்காரர், பாதி திறந்ததை விட்டுவிட்டு வர மனம் வராது போலிருக்கிறது. நான் மூன்று தட்டு தட்டுகிறேன், இவர் இன்னும் அரை நிமிஷம் விடுகிறார், முட்டை ரப்பராகிவிடுகிறது. அதை ஒதுக்கிவிட்டு மறுபடி செய்கிறார். ஒருநாள் காலை மூன்று தடவை செய்தார்.

மாதக் கடைசிக்கு இன்னும் பதினேழு நாள் இருக்கிறது. அவசரப்பட்டுக் கிளம்பி வந்துவிடாதே.

உன் தங்கை


வியாழன், மருத்துவமனையிலிருந்து திரும்பிய மதியம்

என் அக்காவுக்கு,

முதலில் நல்ல செய்தி. தொண்டை ஆறிவிட்டது. பேசலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார், கொஞ்சம் கொஞ்சமாக. இன்றே உன்னைப் போனில் கூப்பிட்டிருப்பேன். ஆனால் உன் குரலைக் கேட்டால் நான் சொல்ல வந்ததைச் சொல்லமாட்டேன், நீ சொல்வதற்குச் சரி சரி என்றுவிடுவேன். அதனால் எழுதியே விடுகிறேன்.

போன கடிதம் எழுதிய மூன்றாம் நாள் முட்டை சரியாக வந்தது. மூன்று தட்டு தட்டினேன், அடுப்பு அணைந்த சத்தம் உடனே கேட்டது. தட்டில் கொண்டுவந்தார். மெத்தென்று, ஈரப்பசையோடு, மேலே ஒரு கைப்பிடி பாலாடைக்கட்டி உதிர்த்துப் போட்டு. எனக்கு வலிக்காமல் இறங்கியது அக்கா. மூன்று மாதத்துக்குப் பிறகு வலியில்லாமல் சாப்பிட்ட முதல் சாப்பாடு. தட்டை வழித்துவிட்டு நிமிர்ந்தால் இவர் கதவோரம் நிற்கிறார், பரீட்சை முடிவு பார்க்க வந்தவர் மாதிரி. "காரம் ஏதும் வேணுமா?" என்று கேட்டார். நான் தட்டை நீட்டி இன்னும் கேட்டேன். அதற்குப் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. காலையில் இருபத்தைந்து கிராம், நிஜமான இருபத்தைந்து கிராம், நீ வந்து நிறுத்துப் பார்க்கலாம்.

ரப்பரான முட்டைகளெல்லாம் எங்கே போயின என்று எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது. இடுப்புப் பெல்ட்டைத் தளர்த்திப் போட, நுனிப் பக்கம் புதிதாக ஒரு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். வீணாக்க மனமில்லாமல் அத்தனையையும் அடுப்படியில் நின்றபடியே தின்றிருக்கிறார். எனக்கு ஏற வேண்டிய எடையில் பாதி அவருக்கு ஏறியிருக்கிறது.

இப்போது இன்று காலை நடந்தது. குளிராக இருக்கிறது, மேல்கோட்டைப் போட்டுக்கொள் என்று வற்புறுத்தி, அவரே பிடித்து மாட்டிவிட்டார். அவ்வளவு ஒன்றும் குளிரில்லை. மருத்துவமனையில் எடை மேடையில் ஏறினேன். முள் நாற்பத்துநாலையும் தாண்டி நூறு கிராம் காட்டியது. நர்ஸ் புத்தகத்தில் எழுதப் போனார். இவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். காது மடல் இரண்டும் சிவந்திருந்தது. எனக்குக் கோட்டின் இடதுபக்கம் மட்டும் கீழே இழுக்கிற மாதிரி இருந்தது. பைக்குள் கைவிட்டேன்.

சாவிக்கொத்து. கடையில் ஆணியில் தொங்குமே, பழைய இரும்புச் சாவிகள், அந்தப் பெரிய கொத்து. குலுங்காமல் இருக்கக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார்.

ஒரு மாதம் பொத்திப் பொத்தி வைத்த குரல் அக்கா. முதல் வார்த்தை என்ன சொல்வது என்று படுக்கையில் கிடந்து எவ்வளவோ யோசித்திருந்தேன். கடைசியில் அந்த மேடைமேல் நின்றுகொண்டு, "இந்தச் சாவியைப் பிடிங்க" என்றேன். எண்ணெய் காணாத கதவு மாதிரி வந்தது, ஆனால் வந்துவிட்டது. இவர் சாவியை வாங்கிக்கொள்ளவில்லை. என் குரலைக் கேட்டு, கையை நீட்டியபடியே நின்று அழுதுவிட்டார். நர்ஸ் பாவம், என்னவோ ஏதோ என்று நாற்காலி கொண்டுவந்து போட்டார். அவரையும் நிறுத்துப் பார்த்தார்கள். இரண்டேகால் கிலோ கூடியிருக்கிறார்.

சாவி இல்லாமல் மறுபடி ஏறினேன். நாற்பத்து மூன்று கிலோ நானூறு. டாக்டர் போதும் என்றார். இந்த வேகத்தில் போனால் ஒரு மாதத்தில் வேலைக்கே போகலாமாம். ஆனால் நீ சொன்ன கணக்குக்கு அறுநூறு கிராம் குறைகிறது. மறைக்காமல் எழுதிவிட்டேன். ஒரு தடவை மறைத்ததே போதும்.

வீட்டுக்கு வரும் வழியில், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "உங்க அக்கா சொன்னா செய்வாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். உன்னோடு போகாதே என்று என்னிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நியாயப்படி உன் பக்கம்தான் சரி என்று அவரே நினைக்கிறார். அரை முட்டை போட்டதற்கு இன்னும் வெட்கப்படுகிறார். இப்போது அடுப்படியில் சாயங்காலத்துக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். இந்தக் கடிதத்தில் என்ன எழுதுகிறேன் என்று கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்.

அம்மா போன பிறகு எனக்குத் தலைவாரிவிட்டது நீ. என் கல்யாணத்தன்று அழுதது நீ. ஆபரேஷன் அறைக்குள் போகும்வரை என் கையை விடாமல் பிடித்திருந்தது நீ. இப்போது மாடி அறையில் எனக்காகக் கட்டில் போட்டிருப்பதும் நீ. உன் பேச்சை நான் இதுவரை தட்டியதில்லை. ஆனால் அக்கா, எனக்கு இங்கேதான் இருக்க வேண்டும். இதை அவர் கேட்டதனால் சொல்லவில்லை. எனக்கே ஆசையாக இருக்கிறது, அதனால் சொல்கிறேன்.

அந்த அறுநூறு கிராமை எனக்கு விட்டுக்கொடு. மாதக் கடைசியில் வருகிறேன் என்றாயே, சொன்னபடி வா. அத்தானையும் அழைத்து வா. காலையில் வந்து சேருகிற மாதிரி கிளம்பு, மூன்று முட்டை உனக்கும் போடச் சொல்கிறேன், சாப்பிட்டுப் பார்த்துவிட்டு என்ன வேண்டுமானாலும் சொல். வண்டி வைத்துக்கொண்டே வா, பரவாயில்லை. வரும்போது நீங்கள் இரண்டு பேர். திரும்பும்போதும் இரண்டு பேராகவே போங்கள்.

உன் பேச்சை முதல் முறையாகத் தட்டும்,
உன் தங்கை