அய்யாவின் ஏடும் கோயில் ஊற்றுத் தண்ணீரும்

சேசு மரி சூசை துணை

மூக்கையூர்
12-11-1956

அன்பு மகன் ஞானப்பிரகாசத்துக்கு அம்மா ஆசீர் சொல்லி எழுதுவது. இங்கன எல்லோரும் சுகம், குருமடத்துக் குளிர் உன் நெஞ்சில் ஏறாதிருக்க மாதாவிடம் தினமும் கேட்கிறேன். அக்காள் செவ்வந்திக்குப் போன வாரம் மூன்றாவதும் பெண், உன் மூக்கு அப்படியே. வாடைக் காற்றால் மச்சான் கடலுக்குப் போகவில்லை.

உன் கடிதத்தை எழுத்துக் கூட்டி நானே வாசித்தேன். உன்னைப் பெற்ற அய்யா வைத்துப் போன காற்றுச் சாத்திர ஏட்டில் முதல் ஓலையே பிள்ளையார் துதி, சாமியார் பட்டம் வாங்கப் போகிறவன் வீட்டில் அது ஆகாது, எரித்தால்தான் கிறிஸ்துமசுக்கு வருவேன் என்று எழுதியிருக்கிறாய். ஆதித் திருச்சபையில் ஒரு துறவி நம் வேதத்தில் சேராத அஞ்ஞானிகளின் புத்தகங்களில் மயங்கிக் கிடந்ததற்காகக் கனவில் ஆண்டவர் முன்னே சவுக்கடி வாங்கினாராம், சரி. அதே கடிதத்தின் அடியில், எகிப்தை விட்டு வந்த சனங்கள் அந்நாட்டுப் பொன்னை எடுத்து வந்த மாதிரி அஞ்ஞானிகளின் நல்ல கல்வியை நாம் எடுத்துக்கொள்ளலாம் என்று சாமியார்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியார் ஒருவர் சொன்னதையும் எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் ஏன் பொடி எழுத்தில் எழுதினாய்?

உன் சொல்லைத் தட்ட வேண்டாமென்று சனிக்கிழமை ஏட்டை அடுப்படிக்குக் கொண்டுபோனேன். முதல் ஓலையை மட்டும் எரித்தால் போதுமே என்று கயிற்றை உருவினேன், மொத்தமும் சிதறிவிட்டது. எது முன்னே எது பின்னே என்று ஐந்தாம் வகுப்புக்காரிக்கு விளங்கவில்லை, பிள்ளையார் ஓலையும் அந்தக் குவியலில்தான் கிடக்கிறது. மச்சான் பார்த்துவிட்டு, “ஏன் அத்தை, இதப் பாத்துத்தானே மாமா வாடை எப்பத் தணியும்னு சொல்லுவாக, இனி யாருகிட்டப் போய்க் கேப்பேன்” என்று சத்தம் போட்டார்.

மறுநாள் குழந்தைக்கு ஞானஸ்நானம். நம் ஊர்க் கிணறு உப்பு என்பது உனக்குத் தெரியும், வழக்கம்போல மாரியூர்க் கோயில் பக்கத்து ஊற்றிலிருந்து ஒரு குடம் எடுத்து வந்தேன். பூசாரி செல்லச்சாமி, “எங்க சாமி தண்ணியிலதான் ஒங்க பிள்ளைக வேதத்துக்கு வருதுக, கொஞ்சம் சீனியாவது கொடுத்தனுப்பு ஆத்தா” என்று சிரித்தார், கொடுத்தனுப்பினேன். அந்தத் தண்ணீரைத்தான் பங்குச் சாமியார் செபித்துக் குழந்தை தலையில் ஊற்றினார். உன் தலையில் ஊற்றியதும் அதே ஊற்றுத் தண்ணீர்தான், சுமந்தவளும் நான்தான். உனக்கு ஞானஸ்நானம் ஒட்டாமலா போயிற்று?

அதனால் ஏட்டை நான் எரிக்கமாட்டேன். ஓலைகளை அய்யாவின் வேட்டியில் மூட்டை கட்டி வைத்திருக்கிறேன், நீ வந்து வரிசையாக அடுக்கிக் கொடு. அடுக்குவதென்றால் ஒவ்வொன்றாக வாசிக்கத்தானே வேண்டும். வாசித்து முடித்த பிறகும் எரிக்கத்தான் வேண்டுமென்றால் அடுப்பு இங்கேதான் இருக்கிறது, தீக்குச்சியை நீ கிழி.

தேவதாய் உன் கூடவே இருப்பாளாக. ராத்திரிச் செபத்தில் அய்யாவை மறவாதே. சாயல்குடி பஸ்ஸுக்கு மச்சானை அனுப்ப வேண்டும், வருகிற நாளைக் கார்டில் எழுது, பொடி எழுத்து வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அம்மா, மூன்று பேத்திகளுக்கு அம்மாச்சி,
சூசையம்மாள்